ஏழாவது நேர்காணலுக்கு முந்தைய இரவு

பட்டமளிப்பு நாளில் தந்த மடிப்புத்தாளை
இன்னொரு தரம் விரிக்கிறேன்.
வங்கி, காப்புறுதி, கருவூலம்,
ஆய்வு மையம், புள்ளிவிவரத் துறை.
அட்டையில் கண்ணாடிக் கட்டடம்.
அதன்முன் சிரிக்கும் மூவரின் காலணியிலும்
செம்மண் இல்லை.

பாடாங் செராயில் என் வேலை
அந்தத் தாளில் இல்லாதது:
செம்பனைக் குலை வாங்கும் நிலையத்தில்
எடைச்சீட்டு எழுதுகிறேன்.
லாரி ஏறும், எண் நடுங்கி நிற்கும்.
கொட்டிவிட்டு ஏறும், மறுபடி நிற்கும்.
இரண்டு எண்ணுக்கும் நடுவில்
ஒரு வீட்டின் பதினைந்து நாள்.

"ஈரத்துக்கு மூணு பெர்சன் கழி" என்பார் முதலாளி லிம்.
மழையே காணாத வாரத்திலும்
குலைகள் எப்படியோ நனைந்தே வரும்.
பல்கலைக்கழகத்தில் இதற்கு அழகான பெயர் உண்டு,
தகவல் சமச்சீரின்மை.
அந்தக் கேள்விக்குப் பத்துக்குப் பத்து வாங்கியவள் நான்.

மூன்று ஏக்கர் அஞ்சலையக்கா கேட்டார்,
"படிச்ச புள்ள, அடுத்த மாசம் வெல ஏறுமா?"
சோயா எண்ணெய், இறக்குமதி வரி, டாலர் என்று
சீட்டின் பின்புறம் கோடு போட்டு விளக்கினேன்.
கேட்டு முடித்துச் சொன்னார்:
"அதெல்லாம் சரிடி. ஏறுமா, ஏறாதா?"

எங்கள் வகுப்பு ஹர்விந்தன் பினாங்கில் கிராப் ஓட்டுகிறான்.
லோஷினி கூலிம் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட்.
காப்புறுதிக்குப் போன சுகாசினி
முதலில் போன் செய்தது எங்களுக்குத்தான்,
யாரும் எடுக்கவில்லை.
படிப்புக் கடன் மட்டும்
எல்லாரையும் தவறாமல் நினைவில் வைத்திருக்கிறது.

போன தடவை கேட்டார்கள்:
"வாய்ப்புச் செலவு என்றால் என்ன?"
"இன்றைய சம்பளம் அறுபத்தைந்து வெள்ளி,
பேருந்துக்குப் பதினெட்டு,
உங்கள் வாசலில் காத்திருந்த நாலு மணி நேரம்"
என்றேன்.
ஒருவர் சிரித்தார். இன்னொருவர் எதையோ எழுதினார்.
கடிதம் வரவில்லை.

நாளை அலோர் ஸ்டார், புள்ளிவிவரத் துறை.
சட்டைக்கு இஸ்திரி போட்டாயிற்று.
சான்றிதழ் கோப்புக்குக் கீழே,
லிம்முக்குத் தெரியாமல்,
இரண்டு வருடக் கார்பன் நகல்களிலிருந்து
நானே எழுதிய நோட்டை வைக்கிறேன்.
ஒரு பத்தியில் மழைநாள், ஒரு பத்தியில் வெயில்நாள்,
மூன்றாவதில் கழித்த கிலோ.

அடியில் கூட்டல் மட்டும்
இன்னும் போடவில்லை.
மணி பதினொன்று. பென்சில் இருக்கிறது.