சா.பொ. 3

முதுநகர் ஸ்டேஷன் மாடிப்படிக்குக் கீழே
நாலு வருஷம் கிடந்தது.
கோர்ட்டில் இடமில்லை, நீங்களே வையுங்கள் என்று
திருப்பி அனுப்பிய மூட்டை.
அதன்மேல் ஒரு மிக்சி, வேறு வழக்கு.
மழைக்காலத்தில் இரண்டு தரம்
நான்தான் தூக்கி மேசைமேல் வைத்தேன்.

காலை ஏழே முக்கால் பஸ்ஸில்
மடியில் ஏந்தி மஞ்சக்குப்பம் போகிறேன்.
அரக்கு உடையக் கூடாது.
பக்கத்து சீட்டு அம்மா மூக்கைச் சுருக்கி
"கருவாடாம்மா?" என்றாள்.
ஆமாம் என்றேன்.
கெடிலம் பாலத்தில் பஸ் குலுங்கியது.

கைலி அது. கட்டம் போட்டது.
கைப்பற்றிய ராத்திரி துறைமுகச் சாலையில்
மஞ்சள் விளக்கு.
அந்த வெளிச்சத்தில் நீலம் நீலமாக இருக்காது.
ரைட்டர் நாகமுத்து மகஜரில்
'பச்சைக் கட்டம் போட்ட கைலி ஒன்று' என்று எழுதினார்.
பொய்யில்லை, கண்ணில் பட்டது அப்படி.
படிவம் தொண்ணூற்றைந்திலும் பச்சை.
குற்றப்பத்திரிகையிலும்.
விடிந்ததும் துணி சுற்றிக் கட்டியவள் நான்.
சார், இது நீலம் என்றேன்.
"ஃபார்ம்ல என்ன இருக்கோ அதாம்மா கலரு.
அடிச்சுத் திருத்துனா வக்கீல் விடுவானா?"

ஐஸ் கம்பெனி வைரக்கண்ணு,
அரசு தரப்பு சாட்சி இரண்டு.
டியூப்லைட் எரிய, ஆறடி தள்ளி நின்று
குத்தியவனைப் பார்த்தவன்.
நீலக் கைலி என்றுதான் சொன்னான்.
வாக்குமூலம் டைப்பாகி வந்தபோது
பச்சையாயிருந்தது.
நேற்று ராத்திரி அவனுக்கு முட்டை பரோட்டா.
என்ன கலரு?
நீ... பச்சைங்க.
என்ன கலரு?
பச்சை.
மூன்றாவது தரம் தடுமாறவில்லை.
நான் பாரா புத்தகத்தில்
கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

டவாலி கூப்பிட்டார்.
ஏறினான். சத்தியம் செய்தான்.
பச்சைங்கய்யா என்றான், கேட்காத கேள்விக்கும்.

எதிர்த்தரப்பு வக்கீல் அவசரப்படவில்லை.
பிரித்துக் காட்டச் சொன்னார்.
அரக்கை உடைத்தேன். விரித்தேன்.
நாலு வருஷ இருட்டு
அதை வெளுக்கவே விடவில்லை.
அப்படியொரு நீலம்.

வைரக்கண்ணு துணியைப் பார்த்தான்.
அப்புறம் என்னை.
"ஐயா, நா பாத்தது நீலந்தாங்க.
பச்சைங்கறது நேத்து ராத்திரி சொன்னது."

யாரோ சிரித்தார்கள்.
அரசு வக்கீல் எழுந்தார்.
சாட்சி பிறழ்ந்துவிட்டார் என்று
பதியும்படி வேண்டினார்.
பதிந்தார்கள்.
கடைசி பெஞ்சில் செத்தவனுடைய அக்கா
பக்கத்து ஆளிடம்
"அவரு சரியாத்தானே சொன்னாரு,
சரியாத்தானே?" என்று கேட்டாள்.
அந்த ஆள் வேறு வழக்குக்கு வந்தவர்.

சாயங்காலம் அதே பஸ்.
மூட்டை கோர்ட்டிலேயே தங்கிவிட்டது,
இப்போது இடம் இருக்கிறதாம்.
கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
நகத்தில் அரக்குத் தூள்.

எனக்கு இலவச டிக்கெட்.
வைரக்கண்ணு பேட்டா கவரிலிருந்து
சில்லறை எடுத்துக் கொடுத்தான்.
பக்கத்தில் இடமிருந்தும் உட்காரவில்லை.
முதுநகரில் இறங்கி,
ஜன்னலுக்கு நேராக வந்து நின்று
"நீங்களும் பாத்தீங்கள்ல மேடம்,
கட்டும்போது" என்றான்.

அது என் ஸ்டாப்பும்தான்.
கண்டக்டர் விசில் அடிக்கும்வரை
எழுந்திருக்கவில்லை.