கோட்டுக்கு வெளியே

வள்ளவிளையில் எங்கள் வீட்டு டிவிக்குள்
ஒன்பது பேர் தொப்பி போட்டு நிற்கிறார்கள்.
சதுரம் சதுரமாய் அடுக்கிய ஆட்கள்.
கழுத்து கிடையாது, மூக்கு ஒரே ஒரு புள்ளி.
கேலரியில் மொத்தம் ஆறு முகம்.
அந்த ஆறையே திரும்பத் திரும்ப ஒட்டி
முப்பதாயிரம் பேர் வந்திருப்பதாகச் சொல்கிறது விளையாட்டு.

டெல்பின் கொச்சியில் வாங்கி வந்தான்.
டிவியில் மாட்ட ஒன்று,
கைக்குள் அடங்குகிற மாதிரி ஒன்று, படகுக்கு.
இரண்டிலும் ஒரே பேஸ்பால்.
"நாப்பது நாள் கடல், நாப்பது ஆட்டம்.
நீ கரையில ஆடு, நான் அங்க ஆடுதேன்.
வந்தப்பொறவு கணக்குப் பாப்போம்."

எனக்குக் கிரிக்கெட்டே பாதிதான் தெரியும்.
ஞாயிறு பூசை முடிந்து பையன்கள் ஆடுகிற பந்து
காயப்போட்ட நெத்திலியில் வந்து விழும்,
திட்டுவேன், அவ்வளவுதான்.
இதில் மட்டை உலக்கை மாதிரி. ஸ்டம்ப் இல்லை.
பின்பக்கம் தட்டிவிட்டால் நாலு ரன் கிடையாது,
'ஃபவுல்' என்று சிவப்பில் மின்னும்.
தோற்றுத் தோற்றுத்தான் சட்டம் படித்தேன்.

மூன்று நாளைக்கு ஒருமுறை வயர்லெஸ்ஸில் ஸ்கோர் வரும்.
அவன் படகு சொல்ல, பக்கத்துப் படகு கேட்டு,
அதற்கடுத்தது கேட்டு,
கடைசியில் சிலுவைதாசன் அண்ணன் வீட்டு செட்டில் கரகரக்கும்:
"ஆறு நாலு, ஜெயம். மூணு எட்டு, தோல்வி."
இடையில் இருந்த படகுக்காரர்கள்
அது சூரை விலை என்று நினைத்து
தங்களுக்குள் பேரம் பேசியதாகக் கேள்வி.

பங்குக் காலண்டரின் பின்பக்கம்
இரண்டு பத்தி கிழித்து எழுதினேன்.
முப்பத்துமூன்றாம் நாள் வரை
அவன் பதினெட்டு ஜெயம், நான் பதினாலு.
பிறகு அவன் பத்தி காலி.

நாற்பது கழிந்தது.
காற்று ஒன்றும் பெரிதாக இல்லை என்றார்கள்.
அந்தப் 'பெரிதாக'வைச் சொல்லும்போது
யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நாற்பத்துமூன்றாம் நாள் ராத்திரி,
கணக்குக்கு மேலே மூன்றாவது ஆட்டம்.
கடைசி இன்னிங்ஸ். இரண்டு அவுட், இரண்டு ஸ்ட்ரைக்.
இன்னொன்றை விட்டால் முடிந்தது.
ஆனால் இதில் எனக்குப் பிடித்த சட்டம் ஒன்று உண்டு:
இந்த இடத்தில் தப்பாக அடித்தால் அவுட் இல்லை.
கோட்டுக்கு வெளியே போனால் போகட்டும்,
இன்னொரு பந்து போடுவான்.
எத்தனை முறை வேண்டுமானாலும் தப்பாக அடிக்கலாம்.

தட்டினேன். வெளியே.
தட்டினேன். வெளியே, கேலரியில்,
ஆறு முகத்தில் ஒன்றின் மேல்.
பத்து. பதினொன்று.
எறிகிறவனுக்குக் கை வலிக்காது,
எனக்கும் தூக்கம் வரப்போவதில்லை.
பதினேழு.

பதினெட்டாவதுக்குக் கை ஓங்கினான்.
போன் அடித்தது.
ஆட்டத்தை நிறுத்தினேன்.

மால்பே துறைமுகம். எஞ்சின் போய்விட்டதாம்,
குஜராத் படகு ஒன்று கயிறு கட்டி இழுத்து வந்ததாம்.
பதினோரு பேரும் இருக்கிறார்கள்.
கேட்க எவ்வளவோ இருந்தது. வாயில் வந்தது
"ஸ்கோர் என்ன?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"அதுல பன்னெண்டு ஆட்டந்தான். பொறவு
உப்புத்தண்ணி கேறிச் செத்துப்போச்சு, கேட்டியா."
"பின்னே வந்த ஸ்கோரெல்லாம்?"
"ராத்திரி தூண்டில் கிடக்கும்போ
மனசுல ஆடுனது."
"தோத்ததும் சொன்னியே."
"மனசுல ஆடுனாலும் தோக்கும்லா."

காலண்டரை எடுத்து வந்தேன்.
பன்னிரண்டுக்குப் பிறகு இருபத்தொரு ஆட்டம்.
பேனாவைத் திறந்து, கோடு கிழிக்கலாமா என்று பார்த்து,
மூடினேன்.
ஒன்பது ஒன்று என்று ஒருநாள் தோற்றிருக்கிறான்.
அன்று கடலில் என்ன நடந்ததோ,
வந்ததும் கேட்க வேண்டும்.

திரையில் அவன் ஓங்கிய கை இறங்காமல் நிற்கிறான்.
பட்டனை அழுத்தினேன்.
பதினெட்டு. வெளியே.