ஐம்பது கிராம்

பைப்புக்குப் புகையிலை இருக்கா என்றேன்.
பையன் எதிர்வாடையில்
பி.வி.சி. குழாய்க் கடையைக் கைகாட்டினான்.
உள்ளே இருந்த கமாலுதீன் பாய்தான்
என் சட்டைப்பையில் துருத்திய மரக்குப்பியைப் பார்த்து
ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

விட்டு எத்தனை நாளாச்சு?
ஒன்பது வருஷம்.
அப்போ நீங்க புதுசுதான்.

முப்பத்தோரு வருஷம் துறைமுகத்தில்
கப்பல் இழுக்கும் படகில் என்ஜின் பார்த்தவனிடம்
இந்த வார்த்தையை எவரும் சொன்னதில்லை.
பேசாமல் உட்கார்ந்தேன்.

முதலில் செர்ரி.
மூடி நகர்ந்ததுமே
மண்ணடிச் சந்தில் ஞானஸ்நான வீட்டுக் கேக்.
மூக்குக்குத்தான் இது, நாக்குக்கு ஒண்ணும் மிஞ்சாது,
புதுசா வர்றவங்க எல்லாம் இதில்தான் விழுவாங்க
என்று சொல்லிக்கொண்டே
இருபத்தைந்து கிராம் எடை போட்டார்.
நான் கேட்கவேயில்லை.

அடுத்தது வர்ஜீனியா,
வண்டிமாட்டுக்கு இறக்கிய புது வைக்கோல்.
அவசரப்பட்டு இழுத்தால் நாக்கைக் கடிக்குமாம்.
நான் எதை நிதானமாக இழுத்திருக்கிறேன்?
வேண்டாம்.

பிறகு ஒரு கறுப்பு. லட்டாகியா.
காசிமேட்டில் தார் பூசிய வடம்,
மழை அணைத்த விறகு,
யாரோ மறந்துபோய்க் கருகவிட்ட கருவாடு.
குனிந்த தலையை நிமிர்த்தவில்லை நான்.
ரெண்டு மாசம் போகட்டும் என்று
பாய் டப்பாவை என் மூக்கிலிருந்து பிடுங்கினார்.

கடைசியாக பர்லி.
பழுப்பு. தனக்கென்று பேச்சில்லை.
இது சோறு மாதிரி, என்றார்,
எதைப் பிசைந்தாலும் சேரும்.
அதில் இருபத்தைந்து.

ராயபுரம் வீட்டு மொட்டை மாடியில்
ஈரம் போக, பங்குக் கோயில் செய்தித்தாளில்
பர்லியைப் பரப்பிக் காவலிருந்தேன்.
காற்று வடக்கிலிருந்து.
மணலி தன் முழு உடம்போடு
படியேறி வந்து பக்கத்தில் நின்றது.
அதற்கு யாரும் நோட்டீஸ் ஒட்டியதில்லை.
எனக்கு சாயங்காலமே ஒட்டிவிட்டார்கள்:
மாடியில் புகை தடை. இப்படிக்கு, செயலாளர்.

ஆறு தீக்குச்சிக்கு ஒரு தடவை பற்றியது.
இறுக்கி அடைத்தால் மூச்சே வரவில்லை,
தளர்த்தினால் அணைந்தது.
டீசல் என்ஜினை இருமலிலேயே நோய் கண்டுபிடித்தவன்
ஒரு கைப்பிடி இலையிடம் தோற்று உட்கார்ந்திருந்தேன்.
சூடு ஏறியது. ருசி ஏறவில்லை.
சோறு மட்டும், குழம்பு இல்லை.

செர்ரி இருக்கே, அது?
பிலோமினா ஞாயிற்றுக்கிழமைப் புடவைகளுக்கு நடுவே
அதை எப்போதோ வைத்துவிட்டாள்.
பூச்சி வராதாம்.

நான் விட்ட அன்று ஊரே பாராட்டியது.
அவள் வாயில் வெற்றிலையோடு
முப்பது வருஷமாய் ஒதுக்கும் புகையிலையை
விடு என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை,
எனக்கும்தான்.

இப்போது சுருக்குப்பையைத் தளர்த்தினாள்.
கட்டைவிரலால் நசுக்கி
என் குப்பிக்குள் தூவினாள்.
இப்போ இழு.

இழுத்தேன்.
காரம், கொஞ்சம் வெல்லம்,
கடைசியில் எங்கோ ஒரு தார் வடம் அசைந்தது.
அப்புறம் தண்ணீர்த் தொட்டி சாய்ந்தது,
துறைமுகத்து விளக்கெல்லாம் ஒரு பக்கம் வழிந்தது.
புயலில் கூட வாந்தி எடுக்காதவன்
கைப்பிடிச் சுவரைக் கட்டிக்கொண்டு நின்றேன்.
அவள் சிரித்த சிரிப்புக்கு
கீழ்வீட்டு ஜன்னல் திறந்தது.

காலையில் தராசு தேடினேன்,
பழைய மருந்துச்சீட்டின் பின்பக்கம்
பர்லி மூணு கிராம் என்று எழுதிவிட்டு
எவ்வளவு போட்டே என்று கேட்டேன்.
ஒரு சிட்டிகை.
உன் சிட்டிகையா, என் சிட்டிகையா?
அவள் விரலைப் பார்த்தாள்.
பேனாவைத் திறந்து வைத்தபடி
நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.