ஒரு நூல் வெளியே

ஆரல்வாய்மொழியில் ஆடி பிறந்தால்
அம்மி பறக்கிறதோ இல்லையோ
சிமெண்டுச் சாக்கு பறக்கும்.
காலையில் ஒன்று போய்
எதிர்த்தோப்பு முருங்கையில் மாட்டிக்கொண்டது.

சனிக்கிழமை தேர்வு.
அயர்லாந்துக்குப் போகிற நர்சுக்கு
நரம்பு தேடி ஊசி போடத் தெரிந்தால் போதாது,
சொல் தெரிய வேண்டும்.
மணல் குவியல்மேல் உட்கார்ந்து
நாற்பத்தொன்றாம் சொல்லைப் படிக்கிறேன்:
அப்ளாம்.
கடைசியில் ஒரு ‘பி’ நிற்கிறது.
எழுத வேண்டும், சொல்லக் கூடாது.
நெருக்கடியிலும் நிலைகுலையாத தன்னம்பிக்கை
என்கிறது புத்தகம்.
கீழே பொடி எழுத்தில் பூர்வீகம்:
பிரெஞ்சுக்காரன் வீட்டுச் சொல்,
‘ஈயக்குண்டின்படி’ என்று பொருள்,
அதாவது செங்குத்தாக.
லத்தீனில் ஈயத்துக்கு என்ன பேரோ
அதிலிருந்துதான் பிளம்பரும் வந்தாராம்.
எங்கள் பிளம்பர் மூன்று வாரமாக வரவில்லை.

தலையை நிமிர்த்தினால்
சொல் எதிரே தொங்குகிறது.
தாணுலிங்கம் கொத்தனார்
சாரத்தில் நின்று தூக்குக்குண்டை இறக்குகிறார்.
கணவாய்க் காற்று அதைப் பறித்து
ஊஞ்சல் கட்டி ஆடுகிறது.
குண்டு சுவரை இடிக்கிறது, விலகுகிறது,
நூல் அவர் காதில் சுற்றுகிறது.
திட்டுகிறார், காற்றைப் பெற்றவளை.
நிலைகுலையாத தன்னம்பிக்கை எதையும் காணோம்.
குண்டு ஈயம்கூட இல்லை. இரும்பு.
வடசேரியில் வாங்கியது.

அப்போதுதான் பேங்கிலிருந்து போன்.
மூன்றாம் தவணை இப்போது இல்லையாம்,
லிண்டில் மட்டம் வந்தபிறகுதானாம்.
லிண்டிலுக்குத்தானய்யா காசு கேக்கேன் என்று
நான் கத்தினது
முப்பந்தல் காற்றாடிகள்வரை கேட்டிருக்கும்.
ஐ.சி.யூ.வில் ஆறு வருசம்
குரல் உயர்த்தாதவள் நான்.
புத்தகம் மணலில் குப்புற விழுந்தது.

சித்தாள் நேசம்மாள் யாரையும் பார்க்காமல்
அரை வாளித் தண்ணீரைச் சுவரடியில் வைத்தாள்,
ஆடுகிற குண்டைப் பிடித்து
அதற்குள் முக்கி விட்டாள்.
மேலே நூல் விறைத்து நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.
உள்ளே குண்டு
ஒருமுறை அசைந்து
இன்னொருமுறை கொஞ்சமாக அசைந்து,
நாங்கள் மூன்று பேரும் வாளியையே பார்த்தோம்,
நின்றது.

“ஒரு நூல் வெளிய நிக்கு,” என்றார் கொத்தனார்.
மூன்று கல்லைப் பிரித்துத் திரும்ப வைத்தார்.

தூக்கு.
தொங்குவதற்கும் அதுதான் சொல்,
நிறுப்பதற்கும்,
நேசம்மாள் கஞ்சி கொண்டுவரும் பாத்திரத்துக்கும்,
கழுத்துக்கும்.
புத்தகத்தில் இது இல்லை.
சனிக்கிழமையும் வராது.

மணலைத் தட்டி எடுத்தேன்.
‘வாக்கியத்தில் அமைக்க’ என்று
ஒரு கோடு விட்டிருந்தார்கள்.
அதைக் காலியாகவே விட்டுவிட்டு
பேங்குக்குத் திரும்பப் போட்டேன்.
மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.
நல்லதுதான்,
எனக்கு இன்னும் ரெண்டு அசைவு மிச்சமிருந்தது.