ஊதியவன்

அந்த வருஷம் பந்தை ஊதுவது என் வேலை.
நெஞ்சு அகலம் போதாதென்று ஆட்டத்தில் சேர்க்கவில்லை;
ஊதுவதற்கு அதே நெஞ்சு போதுமாம்.
ரப்பர்ப் பையின் குழாயைப் பல்லில் கடித்து
கண்ணில் பூச்சி பறக்கும்வரை ஊதி,
நூல் சுற்றி முடிந்து, குழாயை உள்ளே தள்ளி,
செருப்புத் தைப்பவன்போல் தோல்வார் கோர்ப்பேன்.
ஆகவே ஆயிரத்துத் தொளாயிரத்துப் பன்னிரண்டில்
நாவலப்பிட்டிக் கல்லூரி உதைத்ததெல்லாம்
என் மூச்சைத்தான்.

கம்பளையில் மூன்றுக்கு ஒன்று, வென்றோம்.
தலையால் முட்டிய ஸ்கோக்மனுக்கு
வார்முடிச்சுக் கிழித்து நெற்றியில் தழும்பு.
அந்த வெற்றியை அவன் அம்மா மன்னிக்கவேயில்லை.
கண்டியில் ஐந்து வாங்கினோம்.
அதைப்பற்றி வேறொன்றும் எழுதமாட்டேன்.

அட்டனில் பாதி ஆட்டத்தில் பனி இறங்கியது.
தென்னக்கோன் அடித்தான். சத்தம் மட்டும் கேட்டது.
பந்து எங்கேயென்று இரண்டு கட்சியும் தேடினோம்.
காலில் அட்டைக்கு உப்புத் தேய்த்தபடி
நடுவர் சொன்னார்: "நான் காணாதது கோல் ஆகாது."
தேயிலைக்குள் கிடந்தது பந்து,
ஒரு கொழுந்துக்காரியின் கூடையடியில்.
அவளும் அதைக் காணாதவள்போல்
கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தாள்.

கோல் காத்தவன் முத்துக்கறுப்பன்,
பெரிய கங்காணி சடையன் மகன்.
பூட்ஸ் இல்லை. கால்விரல்களால் சேற்றைக் கவ்வி நிற்பான்.
மழையில் ஊறிய பந்து
நனைந்த படங்குச் சாக்காய்க் கனக்கும்.
நெஞ்சோடு அதை வாங்கும்போது
அவனிடமிருந்து ஒரு "ஹக்" வரும்.
கோட்டுக்கு வெளியே நின்று நான் அதைக் கேட்பேன்,
என் மூச்சுக்கு அவன் மூச்சு பதில் சொல்வதாக.

கடைசி ஆட்டம் டிக்கோயாவில், துரைமார் கிளப்போடு.
சரக்கு வண்டியில், அரிசி மூட்டைகள்மேல் மலையேறினோம்.
திடலோரம் லயத்துச் சனம்.
முன்னால், தலைப்பாகையும் கறுப்புக் கோட்டுமாய்,
வெள்ளிப் பூண் தடியை ஊன்றிச் சடையன் கங்காணி.
ஒன்றுக்கு ஒன்று நின்றபோது பெனல்டி.
ஜுமாட்டின் கையில் பட்டதாம்; பட்டதுதான்.
அடிக்க வந்தவர்
முத்துக்கறுப்பன் தோட்டத்துச் சின்னத்துரை.

தட்டிவிட்டிருக்கலாம். பிடித்தான்.
பிடித்ததை ஒரு நொடி
தேவைக்குமேல் வைத்திருந்தான்.
சின்னத்துரை சிரித்தபடி ஓடிவந்து கைகொடுத்தார்,
அவர்மேல் குறைசொல்ல ஒன்றுமில்லை.
கங்காணிதான் குடையை விரித்தார்.
மழை இன்னும் வரவில்லை.

திங்கட்கிழமை விடுதியில் அவன் பாய் சுருட்டியிருந்தது.
"தொர அடிச்சதப் புடிச்ச கை
நாளைக்கு எப்புடிடா சலாம் போடும்?"
என்று கேட்டாராம் அப்பன்.
இப்போது பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுகிறானாம்.
சின்னத்துரையே வந்து அவனுக்காகப் பேசினாரென்றும்
அதைக் கேட்டுக் கங்காணி இன்னும் பயந்தாரென்றும்
ஜுமாட் சொன்னான்.

பருவம் முடிந்தால் காற்றை இறக்கி
தோலுக்குக் கொழுப்புத் தடவி அலமாரியில் வைப்பது முறை.
முடிச்சில் கை வைத்தேன். அவிழ்க்கவில்லை.

விடுமுறை கழிந்து வந்து பார்த்தால்
தானாகவே பாதியாய் இளைத்திருந்தது பந்து,
இரண்டு உள்ளங்கை அளவுக்குக் குழிந்து.
இறக்கிவிட்டுப் புதிதாய் ஊது என்றான் ஸ்கோக்மன்.
சரியென்று தலையாட்டி
வாரை மட்டும் தளர்த்தி, குழாயை வெளியே எடுத்து,
உள்ளே இருந்தது ஒரு துளியும் போகாமல்
பல்லால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு
அதன்மேலேயே ஊதினேன்.