ஆறு நாள் சிவப்பு

கோயம்பேட்டில் பெட்டி அறுநூறு என்றான்.
ஐந்நூற்றி நாற்பதுக்குப் படிந்தது.
கம்பத்துப் பன்னீர்த் திராட்சை.
பெரம்பூர் வரை ஷேர் ஆட்டோவில்
என் மடியில் உட்கார்ந்து வந்தது,
பேன்ட்டில் ஒரு கறை வைத்துவிட்டு.

கழுவாதே, என்று
குவைத்திலிருந்து குரல் அனுப்பியிருந்தாள் ஜெசிந்தா.
சாம்பல் புதன்கிழமை நெற்றி மாதிரி
ஒவ்வொரு பழத்துலயும் வெள்ளையா ஒரு பூச்சு இருக்கும்,
நுரைக்க வைக்கிறதே அதுதான்.
லேசாத் துடை. காம்பு எடு.
கையால பிசை, மிக்ஸி வேண்டாம்,
கொட்டை உடைஞ்சா கசக்கும்.
பீங்கான் ஜாடி, சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, நாலு கிராம்பு.
இருபத்தோரு நாள்.
எண்ணிக்கோ.

நான் ரத்த வங்கியில் வேலை பார்க்கிறவன்.
பகலெல்லாம் சிவப்பைப் பையில் அடைத்துத்
தேதி எழுதுகிறவன்.
ஆனாலும் பிசைந்தபோது வந்த சாறு
சிவப்பே இல்லை என்பது
எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.
கலங்கின இளநீர் போல இருந்தது.
நிறமெல்லாம் தோலில்.
கிடந்து ஊறினால்தான் தோல்
மனசு வந்து, கொஞ்சம் கொஞ்சமாய் விடும்.

மூன்றாம் ராத்திரி ஜாடி பேச ஆரம்பித்தது.
பக்கத்து வீட்டில் யாரோ
வாய்க்குள்ளேயே ஜெபமாலை சொல்வது போல
ஒரு முணுமுணுப்பு.
மூடியைத் திறந்தால்
தோலெல்லாம் மேலே வந்து அடை தட்டிக் கிடந்தது.
காலையில் ஒருமுறை, ட்யூட்டி முடிந்து ஒருமுறை
மரக்கரண்டியால் அமுக்கினேன்.
அமுக்க அமுக்க எழுந்தது.

ஆறாம் நாள் புயல்.
பெயர் வைத்திருந்தார்கள், மறந்துவிட்டது.
பதினோரு மணிக்குச் சுரங்கப்பாதையை மூடினார்கள்.
ஒரு மணிக்கு வாசற்படி.
இரண்டுக்குக் காலி சிலிண்டர் மிதந்து வந்து
கட்டிலை முட்டி என்னை எழுப்பியது.
மாடி வீட்டு எர்னஸ்ட் டார்ச் பிடித்தான்.
முழு ஜாடியைத் தூக்க எங்களால் ஆகவில்லை.
என் கல்யாண வேட்டியை விரித்து
முழங்கால் தண்ணீரில் நின்றே வடிகட்டி
சாற்றைக் குடத்தில் ஏந்திப் படியேறினோம்.
தோல்களை,
பதினைந்து நாள் நிறம் இன்னும் பாக்கியிருந்த தோல்களை,
தெருவெள்ளம் வாங்கிக்கொண்டு போனது.
சாக்கடை வாடைக்கு நடுவே எங்கள் சந்து
ஒரு நிமிஷம் கோயில் பாத்திரம் போல மணத்தது.

(வேட்டியில் பட்டது மட்டும்
இருபத்தோரு நாளும் ஊறியது மாதிரி
அடர்த்தியாய் இருக்கிறது. போகவே இல்லை.)

கிறிஸ்துமஸ் ராத்திரி, பூசை முடிந்து, வீடியோவில்
கிளாஸைத் தூக்கிக் காட்டு என்றாள்.
காட்டினேன்.
பின்னாடி உன் விரல் தெரியுது,
ரேகைகூடத் தெரியுது என்று சிரித்தாள்.
இது ஒயினா, செம்பருத்தி டீயா?

அவள் இருக்கும் ஊரில் ஒரு சொட்டு ஆகாது.
அதனால் நான்தான் குடித்துச் சொல்ல வேண்டும்.
முதலில் புளிப்பு.
பிறகு எங்கேயோ கிராம்பு.
கொஞ்சம் ஈரத்துணி வாசனை; அதைச் சொல்லவில்லை.
கனமே இல்லை.
நாக்கில் உட்காராமல்
நின்றபடியே பேசிவிட்டுக் கிளம்பிவிடுகிறது.

உன் லீவு மாதிரி இருக்கு, என்றேன்.

நெட்வொர்க் போனது போலக் கொஞ்ச நேரம்
அசையாமல் இருந்தாள்.
அப்புறம்,
இன்னொரு வாய் குடி, என்றாள்.
மெதுவா.