பூம்பாறையிலிருந்து பூண்டு லாரி

வடுகபட்டிச் சந்தைக்கு இருபது மூட்டை பூண்டு.
ஒரு மூட்டை சர்க்கரைவள்ளி, மச்சினன் வீட்டுக்கு.
மணி மூன்று. மூடுபனியில்
முகப்பு வெளிச்சம் சுவராகத் திரும்பி வந்தது.
பெரிய விளக்கை அணைத்தார் குழந்தைவேல்.
கண்ணாடியை இறக்கினார்.

தைலமர வாடை வந்தால் இடப்பக்க வளைவு.
தண்ணீர் இரைந்தால் பாலம்.
சக்கரம் குழியில் விழுந்தெழும் கணக்கில்
மிச்ச தூரம்.

இப்படித்தான் பசிபிக்கில், என்றேன்.
தோணியின் அடிப்பலகையில் மல்லாந்து
எந்தத் திசை அலை முதுகைத் தட்டுகிறதென்று
இருட்டுக்குள் கேட்டுக்கொண்டே போனார்கள்.
சில மாலுமிகளுக்குத்
தோணி நகர்வதேயில்லை.
தீவுதான் எதிரே வரும்.

"அப்ப கொடைக்கானலு நம்மள தேடி வருதாக்கும்!
டீசல் காச அதுகிட்ட வாங்குங்க."

அவர்கள் தீவுதீவாய்க் கொண்டுபோன கிழங்கு
உங்கள் மூட்டையில் இருப்பதுதான்.
அங்கே அதன் பெயர் குமரா.

கியர் மாற்ற மறந்தார்.
வண்டி இருமி நின்றது.

"இங்க வள்ளி.
அங்க குமரனா?"

வெறும் ஒலி ஒற்றுமை, என்றேன்.
மொழிக்கும் மொழிக்கும் தொடர்பில்லை, என்றேன்.
ஆய்வேட்டில் அடிக்குறிப்பு எழுதும் குரலில்
இன்னொரு தடவையும் சொன்னேன்.

"இம்புட்டுத் தண்ணிய
நடுவுல விட்டது யாரு" என்று
ஸ்டியரிங்கிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

கொடைக்கானலைத் தாண்டியதும் பனி கிழிந்தது.
கீழே ஊரில்லை, சாலையில்லை,
வெள்ளை மட்டும், விளிம்புவரை.
தேநீருக்காக ஓரங்கட்டினோம்.

எஞ்சின் அணைந்த பிறகும்
பெருமாள் மலை
எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"மாமன்காரரு" என்றார் குழந்தைவேல்,
கிளாஸைக் கழுவி ஊற்றியபடி.
"தாக்கல் போயிருச்சு போல."